மிச்சிகனில் வேலை தேடும் தங்கைக்கு: எடையும் இன்டர்வியூவும்

நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலையில்) ஐந்து வருஷம் குவாலிட்டி இன்ஜினியர். கல்யாணமாகி மிச்சிகனில் கேன்டன் வந்து மூன்று வருஷம். எச்-4 ஈ.ஏ.டி. அட்டை, அதாவது கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்கள் வேலை பார்ப்பதற்கான அனுமதி, கைக்கு வந்து எட்டு மாதம். வந்தபோது 79 கிலோ, இப்போது 97. "குண்டா இருந்தா பிளான்ட் வேலைக்கு எடுக்க மாட்டாங்க, முதல்ல வெயிட்டைக் குறை, அப்புறம் அப்ளை பண்ணலாம்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதை நம்பி இதுவரை ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. "அக்கா, நிஜமாவே எடையைப் பாப்பாங்களா?" இதுதான் உன் கேள்வி.

அக்கா என்று கூப்பிட்டாய், அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன்.

பார்ப்பார்கள். இல்லை என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. எல்லாரும் பார்ப்பதில்லை, எல்லா வேலைக்கும் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட எனக்குப் பதைப்பாக இருப்பது நீ சும்மா விட்ட அந்த எட்டு மாதம். ஏன் என்றால் நானும் அப்படி விட்டவள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. 2007-இல் இங்கே வந்தேன். அப்போதெல்லாம் எச்-4-இல் வந்தவர்கள் வேலைக்கே போக முடியாது. 2015 மே 26-ஆம் தேதி அந்த விதி மாறியது. முதல் கூட்டத்திலேயே விண்ணப்பித்து அட்டை வாங்கினேன். எட்டு வருஷ இடைவெளி, இரண்டு பிரசவம், 96 கிலோ. உன்னைவிட ஒரு கிலோதான் குறைவு.

அந்த அக்டோபரில் முதல் இன்டர்வியூ. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். லாபியில் சுவரோரம் வரிசையாகக் கொக்கிகள். பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ நுனியில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் கவசம், ஆரஞ்சு நிற வெஸ்ட். வெஸ்ட் அத்தனையும் ஒரே அளவு, லார்ஜ். கோட்டுக்கு மேல் போட்டுப் பார்த்தேன், முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி. வெல்க்ரோ எட்டவே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, திறந்தே இருக்கட்டும் என்றாள். பிளான்ட் மேனேஜர் வந்தார். அந்த இடைவெளியைப் பார்த்தார், அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்துக் கை கொடுத்தார்.

பிரஸ் லைன் வழியாக வேகமாக நடத்திக்கொண்டு போனார். அளவைக்கூடம் மேல்தளத்தில். இரும்புப் படி, ஏறத்தாழ இருபது. மேலே ஏறி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பதற்றம் பாதி, படி பாதி. "இது முழுக்கக் காலில் நிற்கிற வேலை, சில நாள் பத்து மணி நேரம் ஆகும், உங்களால் முடியுமா?" என்று கேட்டார். "முடியும் என்றுதான் நினைக்கிறேன்" என்றேன். அந்த "நினைக்கிறேன்" என்ற சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் பி.பி.ஏ.பி. (புது உதிரிபாகத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் நடைமுறை) பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, தரத்தை எங்கே எப்படிச் சோதிப்பது என்று எழுதிவைக்கும் கன்ட்ரோல் பிளான் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊரில் நான் நடத்திய ஆடிட்டுகளின் பட்டியலை ஃபைலில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். அந்த ஃபைலைத் திறக்கும் நேரமே வரவில்லை. இருபது நிமிடத்தில் லாபிக்கு வந்துவிட்டோம், வெஸ்ட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். இரண்டு நாள் கழித்து ரெக்ரூட்டர் போன் செய்து, "உங்கள் ஸ்டாமினா பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் யோசனை" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. காலையில் ஓட்ஸ், மதியம் கொள்ளு ரசம், சாயங்காலம் பனியில் காரைத் துடைத்துவிட்டு ஜிம். ஆறு கிலோ குறைந்தது. மார்ச்சில் வேறொரு கம்பெனி கூப்பிட்டது. அங்கே போய் உட்கார்ந்தால் அந்த மேனேஜர் இரண்டு மணி நேரம் கேஜ் ஸ்டடி (அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் சோதனை) பற்றியும் வாடிக்கையாளர் புகாரை எப்படிக் கையாண்டேன் என்பது பற்றியுமே கேட்டார். அங்கேயும் படி இருந்தது, அங்கேயும் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பேச்சை நிறுத்தி, நான் நிதானமாகும்வரை காத்திருந்து, அடுத்த கேள்வி கேட்டார். வேலை கிடைத்தது. அந்த ஆறு கிலோவுக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பத்து வருஷம் அவரோடு வேலை பார்த்த பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். முதல் கம்பெனியின் மேனேஜர் 90 கிலோவிலும் என்னை எடுத்திருக்க மாட்டார். இரண்டாமவர் 96-இலும் எடுத்திருப்பார். நான் இழந்தது ஐந்து மாதச் சம்பளமும், ஐந்து மாதம் என்னையே வெறுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற நேரமும்.

சேர்ந்த சில வாரத்தில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்தேன். இனம், நிறம், மதம், பிறந்த நாடு, வயது, பாலினம் என்று போய், உயரம், எடை என்று இருந்தது. கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ வந்து இறங்கியிருக்கும் மாநிலம் எப்படிப்பட்டது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

மிச்சிகனில் 1976-இல் எலியட்–லார்சன் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெய்சி எலியட் ஜனநாயகக் கட்சி, மெல்வின் லார்சன் குடியரசுக் கட்சி, இருவர் பெயரும் சேர்ந்துதான் அந்தச் சட்டத்தின் பெயர். 1977 மார்ச் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்கு எடுப்பது, சம்பளம், பதவி உயர்வு, வேலையை விட்டு நீக்குவது, எதிலும் உயரத்தையும் எடையையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் மற்ற மாநிலங்களின் சட்டங்களில் எடை என்ற சொல்லையே இப்படித் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்தக் காலத்தில் எடை விதிகள் பெரும்பாலும் பெண்களைத்தான் வெளியே நிறுத்தின என்பதையும் ஞாபகம் வை. அலபாமாவில் சிறைக் காவலர் ஆக வேண்டுமானால் குறைந்தபட்சம் 5 அடி 2 அங்குல உயரம், 120 பவுண்டு எடை வேண்டும் என்று விதி இருந்தது. பத்தில் நான்கு பெண்களுக்கு மேல் அந்த அளவிலேயே அடிபட்டுப் போனார்கள். 1977-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அங்கே ஒல்லியானவர்களுக்குக் கதவு சாத்தியது, இங்கே நமக்குச் சாத்துகிறது. இரண்டிலும் அளவுகோல் வேலையிலிருந்து எடுத்ததில்லை.

மிச்சிகன் சட்டத்தில் இன்னொரு பிரிவு உனக்கு நேரடியாக உதவும். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் அவருடைய எடையைத் தெரிந்துகொள்ளும் விதமாக வாயாலோ படிவத்திலோ கேட்கவே கூடாது. நிறுவனத்துக்கு மட்டும் இல்லை, ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்கும் இது பொருந்தும். அந்த வேலைக்கு அது உண்மையிலேயே இன்றியமையாத தகுதி என்று காட்ட முடிந்தால் மட்டும் விதிவிலக்கு. புகார் கொடுப்பதானால் மாநிலச் சிவில் உரிமைத் துறையில் 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நான் அந்தப் போஸ்டரின் முன்னால் நின்று அக்டோபரிலிருந்து விரல் விட்டு எண்ணினேன், 200 தாண்டியிருந்தது. நீதிமன்றம் போக மூன்று வருஷம் இருந்தது, ஆனால் புது வேலை, கணவரின் விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் வாழ்க்கை, எனக்குத் துணிச்சல் வரவில்லை. போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதும் அதே சட்டத்தில் தடை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இந்தச் சட்டம் பருமனானவர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதே. 2010-இல் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ரோஸ்வில்லில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்த இளம்பெண் இதன்கீழ் வழக்குப் போட்டார். 5 அடி 8 அங்குலம், 132 பவுண்டு, அதாவது 60 கிலோ. அவரிடம் சீருடை இன்னும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று சொல்லி எடைக்காகக் கெடு வைத்தார்கள் என்பது புகார். 60 கிலோவுக்கே இப்படி என்றால், எத்தனை கிலோ குறைத்தால் போதும் என்று உனக்கு யாரால் சொல்ல முடியும்?

இப்போது எல்லையைச் சொல்கிறேன். கேன்டனிலிருந்து டொலீடோ ஒரு மணி நேரம்கூட இல்லை, அங்கேயும் பிளான்ட்டுகள் நிறைய, நீ கட்டாயம் விண்ணப்பிப்பாய். அது ஒஹாயோ. அங்கே எடைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. மத்தியச் சட்டத்தில் எடை என்று தனியாக இல்லை, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலம், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி நான்குக்கும் பொதுவான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல், உடலில் வேறொரு கோளாறால் வந்தாலொழிய பருமன் மட்டும் குறைபாடாகக் கருதப்படாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2019-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, அந்த மாநிலச் சட்டத்தில் பருமன் எப்போதுமே பாதுகாப்புக்கு உரியது என்றது. நியூயார்க் நகரம் 2023 நவம்பர் 22 முதல் எடையையும் உயரத்தையும் தன் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. கார் தொழிலில் இருக்கும் நமக்கு மிச்சிகன்தான் பெரிய ஆறுதல்.

சட்டம் இருப்பதால் மனம் மாறிவிடாது. ஸ்வீடனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது, 2009-இல் வெளியானது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள், படம் மட்டும் வேறு. ஒன்றில் இயல்பான முகம், இன்னொன்றில் அதே முகத்தைக் கணினியில் பருமனாக மாற்றியது. பருமனான முகத்துக்கு இன்டர்வியூ அழைப்பு ஆண்களுக்கு 6 சதவீதப் புள்ளியும் பெண்களுக்கு 8 சதவீதப் புள்ளியும் குறைந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் காலி 2004-இல் இங்குள்ள சம்பளங்களைப் பார்த்தார். வெள்ளைப் பெண்களில் 65 பவுண்டு, ஏறத்தாழ 30 கிலோ, கூடுதலாக இருந்தால் சம்பளம் 9 சதவீதம் குறைவு, மூன்று வருஷ அனுபவம் குறைந்தால் எவ்வளவு இழப்போ அவ்வளவு. ஆண்களிடம் அது அத்தனை தெளிவாக இல்லை. நம் வீடுகளிலும் பார்த்திருப்பாயே, தொப்பை போட்ட அண்ணனை "நல்லா செட்டில் ஆயிட்டான்" என்பார்கள், அதே எடையில் அண்ணியைப் பார்த்து வேறு பேசுவார்கள். அதே கண்தான் ஆபீஸிலும்.

ஸ்வீடன் ஆராய்ச்சியை உனக்குச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பாகுபாடு புகைப்படத்தில் தொடங்கியது. இங்கே ரெஸ்யூமேயில் புகைப்படம் ஒட்டும் வழக்கமே கிடையாது. நீ அனுப்பிய ரெஸ்யூமேயில் பாஸ்போர்ட் சைஸ் படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவர் என்ற வரி எல்லாம் இருக்கிறது. அத்தனையையும் எடு. முதலில் உன் வேலை மட்டும் பேசட்டும். ஐந்து வருஷ ஃபவுண்டரி அனுபவம் இந்தப் பக்கம் லேசில் கிடைக்காது. காஸ்டிங்கில் துளை விழுந்தால் மணலில் கோளாறா, வார்ப்பு வெப்பத்தில் கோளாறா என்று பார்த்தே சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நானே இரண்டு தரம் தேடியிருக்கிறேன்.

நம்மவர்கள் நடத்தும் சில கன்சல்டன்சிகளில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்வார்கள், "கிளையன்ட் பார்க்கணும்" என்பார்கள். அனுப்பாதே. ரெஸ்யூமே போதும் என்று மரியாதையாகச் சொல். அதற்கும் மேலே வற்புறுத்தினால் அந்த ஏஜென்சியை விட்டுவிடு. ஊரில் பழகிய பழக்கத்தில் கேட்கிறார்கள், கெட்ட எண்ணம் இல்லாதவர்களும் உண்டு, ஆனால் உனக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

கம்பெனி டாக்டர் எடை பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றும் கேட்டிருந்தாய். ஆஃபர் கையில் தருவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை செய்ய இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆஃபருக்குப் பிறகு செய்தாலும் அந்த வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். நம்மைப் போன்ற குவாலிட்டி வேலைக்கு நான் பார்த்த வரையில் லேபுக்குப் போய் ட்ரக் டெஸ்டுக்குச் சிறுநீர் கொடுத்துவிட்டு வருவதோடு சரி. கம்பெனி இன்ஷூரன்ஸில் சேரும்போது உன் எடையைக் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது. சில கம்பெனிகளில் உடல்நலத் திட்டம் என்று இருக்கும், பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) குறைந்தால் பிரீமியத்தில் சலுகை என்பார்கள். அந்த அளவை எட்ட முடியாதவர்களுக்கு மாற்று வழி தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்.

எடையைக் கேட்பதில் நியாயம் உள்ள இடங்களும் உண்டு. உயரத்தில் ஏறி வேலை பார்ப்பவர்கள் மாட்டும் பாதுகாப்புப் பட்டை வழக்கமாக 130 முதல் 310 பவுண்டு வரை தாங்கும் என்று கணக்கு, கையில் உள்ள கருவிகளையும் சேர்த்து. ஏணியிலும் பார், பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஒரு வகை 200, ஒரு வகை 225, ஒரு வகை 250, ஒரு வகை 300 பவுண்டு. உன் 97 கிலோ 214 பவுண்டு. 200 பவுண்டு ஏணியில் நீ ஏறக் கூடாது, 300 பவுண்டு ஏணியை எடுத்துவரச் சொல்ல வேண்டும். இது அந்த ஏணியின் எல்லை. கனமான ஆளுக்கு ஏற்ற பட்டையும் ஏணியும் கடையில் இருக்கின்றன, வாங்கி வைப்பது கம்பெனியின் வேலை. குவாலிட்டி வேலையில் உனக்கு இது மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். என்னிடம் கேட்ட மாதிரி "நிற்க முடியுமா, நடக்க முடியுமா" என்று உன்னிடமும் யாராவது கேட்கலாம். வேலையைப் பற்றி, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாக இருந்தால் அது சட்டப்படி சரிதான். பதிலில் "நினைக்கிறேன்" வேண்டாம். நீ எனக்கு எழுதியதிலேயே பதில் இருக்கிறது: "ஃபவுண்டரியில் எட்டு மணி நேர ஷிஃப்ட், மூன்று லைன், உருக்கு உலைக்குப் பக்கத்தில், ஐந்து வருஷம் நின்றே பார்த்தேன்." இதை இங்கிலீஷில் பத்துத் தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. கண்ணாடி முன்னால் வேண்டாம், உன் கணவர் முன்னால் சொல். சொல்லி முடித்ததும் பேச்சை வேலைக்குத் திருப்பு: "இந்த லைனில் ஸ்கிராப் எவ்வளவு வருகிறது?" என்று கேள். கேட்பவர் உன் உடம்பிலிருந்து தன் லைனுக்குத் திரும்புவார். திரும்பாதவர் என்றால் உனக்கும் அவரைப் பற்றித் தெரிந்துவிடும்.

எடையைப் பற்றியே யாராவது வாய்விட்டுக் கேட்டால், அங்கே சண்டை போடாதே, பதிலும் சொல்லாதே. "இந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படுகிறது என்று சொல்கிறீர்களா?" என்று மட்டும் கேள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் தேதி, நேரம், பெயர், அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் எழுதி உனக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பு. நான் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் 180 நாள் என்பதைத் தேடிப் பார்க்கவாவது எனக்குத் தோன்றியிருக்கும்.

உடுப்பு விஷயத்தில் கொஞ்சம் காசு செலவழி. ஊரிலிருந்து கொண்டுவந்த கோட் பதினெட்டுக் கிலோ முந்தியது, உட்கார்ந்தால் பட்டன் இழுக்கும், அந்த இழுப்பையே நினைத்துக்கொண்டிருந்தால் கேள்வி காதில் விழாது. இங்கே கடைகளில் 18டபிள்யூ, 20டபிள்யூ என்று பெரிய அளவுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. டபிள்யூ போட்டது தோளும் கையும் சேர்த்து அகலமாகத் தைத்தது, வெறும் 18-உம் அதுவும் ஒன்றல்ல. போட்டுப் பார்த்து, உட்கார்ந்து பார்த்து, கையை முன்னால் நீட்டிப் பார்த்து வாங்கு. சேஃப்டி ஷூவும் அகலப் பாதத்துக்குக் கிடைக்கும், ஒன்றை வாங்கிக் காரில் போட்டு வை. கூடவே உன் அளவுக்கு ஒரு வெஸ்ட். இருபது டாலர்கூட ஆகாது. பிளான்ட்டுக்குள் போகும்போது லாபியில் யாரும் உன்னை இழுத்துப் பார்க்க வேண்டியிருக்காது. எனக்கு அந்த ஒரு சாண் இடைவெளிதான் அன்று முழுக்கப் பேச்சை விழுங்கியது.

எடையைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் உடம்புக்குச் சர்க்கரை சீக்கிரம் வருகிறது, அதனால்தான் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே கவனம் தேவை என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது, இங்கே பொதுவான அளவு 25-இல் தொடங்கும். கார், ஆறு மாதக் குளிர், தனிமை, மூன்று வேளையும் வீட்டுக்குள், இதில் 18 கிலோ ஏறியதற்கு நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் கோளாறால் வரும் சினைப்பைப் பிரச்சினை) இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், தைராய்டும் மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பார்த்துவிடு. எடை குறைக்கும் அந்த ஊசி மருந்து போடலாமா என்பதை டாக்டரிடம் உன் சர்க்கரைக்காகவும் உன் முட்டிக்காகவும் பேசு. இன்டர்வியூவுக்காகப் பேசாதே. எனக்கு எடை நிலையாகக் குறையத் தொடங்கியது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், நாள் முழுக்க லைனில் நடந்ததில். இப்போது 84.

இனி அட்டைக்கு வருகிறேன், இதுதான் அவசரம். உன் ஈ.ஏ.டி. எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். முன்பெல்லாம் புதுப்பிக்கப் போட்டுவிட்டால் பழைய அட்டை தானாகவே 540 நாள்வரை நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்புகளுக்கு அந்த வசதி போய்விட்டது. புது அட்டை வரத் தாமதமானால் வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். உன் தராசு முள் எங்கேயும் போகாது, அந்தத் தேதி ஒவ்வொரு நாளும் கிட்டே வருகிறது. எட்டு மாதத்தில் ஜிம்முக்குப் போன நாளில் பாதியை விண்ணப்பத்துக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் ஐந்தாறு இன்டர்வியூவாவது பார்த்திருப்பாய்.

"எடையைக் குறை, அப்புறம் போ" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் இங்கே ஆள் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார். நான் இப்போது வருஷத்துக்கு நான்கைந்து பேரை எடுக்கிறேன். போன வருஷம் வந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் கம்பெனி லாபியில் வெஸ்ட் எடுத்துக் கொடுத்தது நானேதான். சேர்ந்த இரண்டாம் வருஷமே எச்.ஆரிடம் சொல்லி அங்குள்ள கொக்கிகளில் எம்-லிருந்து 4எக்ஸ்எல் வரை மாட்டி வைக்கச் செய்தேன். அளவு எழுதிய சீட்டு உள்பக்கம் இருக்கும்படி மாட்டச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு 3எக்ஸ்எல் சரியாக இருந்தது. வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, மேலே பார்த்து, முதல் கேள்வியை அவளே கேட்டாள்.

ரெஸ்யூமேயைத் திருத்தி சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஃபவுண்டரியில் நீ குறைத்த ரிஜெக்‌ஷன் சதவீதத்தை முதல் பக்கத்தில், மேலேயே எழுது.